பார்வதியக்கா கேட்ட குசினி

முருங்கன் பக்கத்தில் வயலோரமாக நாங்கள் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்குக் குசினி மட்டும் இன்னும் முடிவாகவில்லை. கூரை போட்டாயிற்று, நிலத்துக்குச் சீமெந்து இழுத்தாயிற்று, கக்கூசுக்கு மாபிள்கூடப் பதித்தாயிற்று. குசினியில்தான் ஆளுக்கொரு கதை. மீன் மணம் விறாந்தைக்கு வரக்கூடாது, வாசலைப் பின்பக்கம் வை என்கிறார் கணவர். கனடாவிலிருக்கும் மச்சாள் நாளுக்கு நாலு படம் அனுப்புகிறாள். நடுவில் கல்மேடை, சுற்றிவர உயரக் கதிரைகள். தேங்காய் துருவ ஓர் இடம் ஒரு படத்திலும் இல்லை. நேற்றுக் காலை மேசனார் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“தங்கச்சி, இந்தச் சுவரை ரெண்டுதரம் இடிச்சுக் கட்டியாச்சு. வாசல் எந்தப் பக்கமெண்டு இண்டைக்கு முடிவாச் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் வேற வேலைக்குப் போறன்.”

அவரைக் குறைசொல்ல முடியாது. வீட்டுப்படம் கீறுவதே என் தொழில். ஊருக்கெல்லாம் குசினி கீறிக் கொடுத்தவளுக்குத் தன் குசினிக்கு ஒரு வாசல் வைக்கத் தெரியவில்லை. ஈரச் சீமெந்து மணம் மூக்கில் ஏறியதும் பார்வதியக்காவின் ஞாபகம் வந்துவிட்டது. ஞாபகம் என்று சொல்வதைவிட எரிச்சல் என்று சொல்லலாம். என்மேலேயே எரிச்சல்.

சண்டை முடிந்து சனம் திரும்பி வந்துகொண்டிருந்த காலம். மன்னாரில் ஒரு வீடமைப்புக் கந்தோரில் படம் கீறும் வேலைக்குச் சேர்ந்தேன். ஓலைத்தொடுவாய்க் கிராமத்தில் பிறந்தவள்தான், ஆனால் அடுப்பு மூட்டத் தெரியாது. படிக்கிற பிள்ளையென்று அம்மா குசினிப் பக்கமே விடவில்லை. சட்டி கழுவிய தண்ணீர் எங்கே ஓடும் என்றுகூட யோசித்ததில்லை. அப்படிப்பட்ட நான், கொழும்பிலிருந்து வந்த ஒரே படத்தை வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் குசினி கீறினேன். அடக்கமான ஒரு பெட்டி, சின்ன யன்னல், பின்பக்கம் கதவு. வீடு எந்தத் திசையைப் பார்த்தாலும் அதே பெட்டி. வருடத்தில் பாதி எங்களைப் புரட்டியெடுக்கும் சோளகக் காற்றைப் பற்றி அந்தப் படத்துக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒன்றும் சொல்லவில்லை.

மடு வீதியில் ஒரு குடியேற்றம். முன்னொரு காலத்தில் மலையகத்திலிருந்து வந்து, சண்டையில் இடம்பெயர்ந்து, மறுபடி வந்த சனம். கூலி வேலை, வயல் வேலை. அங்கே பார்வதியக்காவின் அத்திவாரம் பார்க்கப் போனேன். படத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். நான் சிரித்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

“அடுப்பு எங்கங்க மிஸ்?”

“இந்த மூலையில வருமக்கா.”

“அப்ப நான் சுவத்தப் பாத்துக்கிட்டா சமைக்கணும்? காத்து ரோட்டுப் பக்கமா வருது. அங்கிட்டு அடைச்சா பொகை பூராவும் வீட்டுக்குள்ளதான் நிக்கும். கதவ ரோட்டுப் பக்கம் வைங்க. பக்கத்துல இடுப்பளவு சுவரு போதும். நாலு பேரு ஒக்காந்து கீர ஆயணுமில்ல.”

“பிளானில அப்பிடி இல்லையக்கா.”

அந்த நாட்களில் எனக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான்.

அவர் என்னோடு மல்லுக்கட்டவில்லை. தான் நினைத்தபடி கட்டிவிட்டார். அடுத்த தடவை போனால் ரோட்டுப் பக்கம் வாசல், பக்கத்தில் அகலமான அரைச்சுவர், அதன்மேல் மூன்று பெண்கள். ஒருத்தி முருங்கையிலை உருவுகிறாள், ஒருத்தி அரிசியில் கல் பொறுக்குகிறாள், ஒருத்தி பிள்ளைக்குப் பேன் பார்க்கிறாள். உள்ளே பார்வதியக்கா ரொட்டி தட்டிக்கொண்டே மூவரோடும் கதைக்கிறார். முன்பக்கம் நுழைந்த காற்று புகையைப் பின்யன்னலால் கொண்டுபோனது. எனக்கும் ஒரு ரொட்டி கிடைத்தது, கட்டச்சம்பலோடு. விறகடுப்புக்குப் பக்கத்தில் கண் எரியாமல் இருந்தது எனக்கு அன்றுதான் முதல்தடவை. குசினி நல்லாயிருக்கக்கா என்று வாய்விட்டுச் சொன்னேன்.

கந்தோருக்கு வந்து அந்தக் குசினியை அளவோடு கீறி, எங்கள் கந்தோர்ப் பெரியவரின் மேசையில் வைத்தேன். நான் மனம் வைத்துக் கீறிய முதல் படம். அவர் கண்ணாடியைக்கூட எடுத்துப் போடவில்லை.

“ஆரைக் கேட்டுக் கட்டினவ? ரோட்டுப் பக்கத்தை அடைக்கச் சொல்லும் பிள்ளை. இல்லாட்டி வீடு முடிஞ்சதெண்டு கடிதம் குடுக்கேலாது.”

“சேர், நல்ல காத்து வருது. ஒருக்கா வந்து பாருங்கோவன்.”

“எல்லா வீடும் ஒரு மாதிரி இருக்கோணும். அவ்வளவுதான்.”

அந்தக் கடிதம் இல்லாமல் கரண்டு கிடைக்காது. பார்வதியக்காவின் மகள் குப்பி விளக்கில் சோதினைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நான் இன்னொருதரம் கேட்டிருக்கலாம். மேலிடத்துக்கு எழுதியிருக்கலாம். வேலை நிரந்தரமாகவில்லை, பயம். அடுத்த கிழமை போய் அடைக்கச் சொன்னேன்.

“நல்லாயிருக்குன்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க.”

அவருடைய கணவர் கல் அடுக்க, நான் பக்கத்தில் நின்று அளந்து குறித்துக்கொண்டேன். கரண்டு வந்தது. அந்தக் குசினிக்குள் அவர் உரமூட்டை அடுக்கினார். முற்றத்தில் தகரம் சாய்த்து, மாரி மழையிலும் வெளியிலேயே சமைத்தார். அந்த ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். நாங்கள் கட்டிய பெட்டிகளில் உரமும் நெல்லும் இருந்தன.

நேற்று மேசனாரைப் பொறுக்கச் சொல்லிவிட்டு ஸ்கூட்டியில் மடு வீதிக்குப் போனேன். பார்வதியக்கா முற்றத்தில் தனியே இருந்தார். என்னைக் கண்டதும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், அதை விட்டுவிட்டு என் குசினிக் கதையைச் சொல்லிப் புலம்பினேன். வயல் எந்தப் பக்கம், கிணறு எந்தப் பக்கம் என்று பொறுமையாகக் கேட்டார்.

“வயப்பக்கம் தொறந்து வைங்க மிஸ். கழுவுற தண்ணி போற எடத்துல ரெண்டு வாழக்கன்னு வைங்க.”

“ஆக்கள் வந்து இருக்கிறதுக்கு எவ்வளவு நீளம் விடலாமக்கா?”

“யாரு வந்து ஒக்காரப்போறா?”

கோபமில்லாமல்தான் கேட்டார். ஒழுங்கையில் பகலில் ஆளில்லையாம். சிலர் குவைத்தில். சிலர் விடியமுன் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் போனால் பொழுதுபட்டுத்தான் வருகிறார்கள். வீட்டில் நிற்கிறவர்களும் கேற்றைப் பூட்டிக்கொண்டு போனில் கதைக்கிறார்கள். ஒரு மணித்தியாலம் இருந்தேன், ரோட்டால் ஒருவர் போகவில்லை.

வழியில் நிறுத்தி மேசனாருக்குப் போன் எடுத்து, வயல் பக்கம் திறந்துவிடச் சொன்னேன். அரைச்சுவரும் நீளமாகத்தான் வைக்கச் சொன்னேன், வீம்புக்கு. ஆனால் காரணமில்லாமல் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து, கதையோடு கதையாக அடுத்தவள் கீரையை ஆய்ந்து கொடுத்துவிட்டுப் போகிற பெண்கள் இப்போது எங்கள் பக்கத்தில் இல்லை. அவர்கள் இருந்த காலத்தில், அவர்கள் இருப்பதற்கு இடம் தேவையில்லை என்று அளந்து எழுதிக் கொடுத்தவள் நான்.