நாக்கு மாஸ்டரும் சிறுகுறிஞ்சான் இலையும்

எங்கள் பேக்கரியில் தராசு உண்டு, அளவுக் குவளை உண்டு. மாஸ்டர் இரண்டையும் மதிக்கமாட்டார். கிரீம் அடித்ததும் கரண்டி நுனியில் எடுத்து நாக்கில் வைப்பார், கண்ணை மூடுவார், சர்க்கரை போதுமா போதாதா என்று சொல்லிவிடுவார். அதனால் நாக்கு மாஸ்டர் என்று பெயர். கவுண்டரில் நிற்கும் எனக்குத் தெரிந்து, அவர் கேக்கைப் பற்றி எவரும் நாக்கு மேல் பல்லைப் போட்டு ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அவருக்குச் சர்க்கரை வியாதி. கால் கட்டைவிரலில் ஒரு புண் ஆறாமல் இழுத்துக்கொண்டே இருந்தது. "வாயைக் கட்டலைன்னா விரலை எடுக்க வேண்டியிருக்கும்" என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மாஸ்டர் மாத்திரையை ஒழுங்காகத்தான் போட்டார். வாயை மட்டும் கட்ட முடியவில்லை. "ருசி பார்க்கறதெல்லாம் சாப்பாட்டுக் கணக்கா?" என்று எங்களிடமே வாதாடுவார். ஒரு நாளில் அவர் நக்கியதைச் சேர்த்தால் ஒரு முழு கேக் தேறும். அதை அவரிடம் சொல்லி யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

அவர் மனைவி எங்கிருந்தோ ஒரு சிறுகுறிஞ்சான் கொடியை வாங்கிவந்து பால்கனிக் கம்பியில் ஏற்றிவிட்டார். சர்க்கரைக்கு நல்லது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். டாக்டரையும் கேட்டார். "மாத்திரையை நிறுத்தாதீங்க. படபடப்பு, மயக்கம் வந்தா உடனே வாங்க" என்றார் டாக்டர். மறுநாளிலிருந்து மாஸ்டர் வேலைக்குக் கிளம்பும்போது மனைவி வாசலிலேயே நிறுத்தி இலையைக் கையில் கொடுப்பார். மாஸ்டர் முகத்தைச் சுளித்து மென்றபடி நேராக பேக்கரிக்கு வந்து, அன்றைக்கான கிரீமை அடிக்க ஆரம்பிப்பார்.

முதல் நாளே கிரீம் சப்பென்று இருந்தது. சர்க்கரை போட்டார். மறுபடியும் சப்பென்று இருந்தது. மறுபடியும் போட்டார். சாயங்காலம் பிறந்தநாள் கேக் வாங்கிப்போனவர் பெட்டியோடு திரும்பி வந்தார். "இது கேக்கா, சர்க்கரை மூட்டையா?" திட்டு வாங்கியது என்னவோ நான்தான். அடுத்த நாளும் அதே கதை. "வேற ஆள் பார்க்க வேண்டியதுதான்போல" என்று முதலாளி மாஸ்டர் காதில் விழும்படியே சொன்னார்.

மாஸ்டர் ஒவ்வொன்றாக நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு தெரிகிறது, புளிப்பு தெரிகிறது, இனிப்பு மட்டும் இல்லை. வியாதி நாக்கையும் தின்றுவிட்டது என்று முடிவுகட்டினார். வீட்டுக்குப் போய் மனைவியிடம், "என் நாக்கு செத்துப்போச்சும்மா" என்று உடைந்து அழுதாராம். மறுநாள் அவரே எங்களிடம் சொன்னது இது.

"எப்பலேருந்துங்க?" என்று கேட்டாராம் மனைவி.

"நீ இலை குடுத்த அன்னிலேருந்து."

அந்தம்மா சும்மா இருக்கவில்லை. ஒரு இலையைத் தானே மென்றுவிட்டு ஒரு சிட்டிகை சர்க்கரையை வாயில் போட்டிருக்கிறார்.

"ஐயோ, மணல் மாதிரி இருக்குங்க! உங்க நாக்குக்கு ஒண்ணுமில்ல, எல்லாம் இந்த இலை பண்ற வேலை. கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்று சிரித்திருக்கிறார். "இனிமே வேலை முடிஞ்சு வந்து மெல்லுங்க."

மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேண்டாம், காலையிலயே குடு" என்றாராம். "ரெண்டு நாளா கேக்கைப் பார்த்தா ஆசையே வரல. நாக்கு திரும்பினா நான் திரும்பவும் நக்குவேன். என்னை எனக்குத் தெரியாதா?"

காலையில் முதலாளியிடம் போய், இனி ருசியை ஐசிங் அக்கா பார்க்கட்டும் என்றார்.

"அப்புறம் நாக்கு மாஸ்டர்னு உங்களை எதுக்கு வெச்சிருக்கேன்?"

"கை இருக்கு, கண்ணு இருக்கு. கால் விரலும் இருக்கணும்ல முதலாளி."

முதலாளி தானே ஐசிங் அக்காவைக் கூப்பிட்டார்.

கேக்கின் மேல் பூப்போடும் ஐசிங் அக்கா பல வருஷமாக அவர் பக்கத்திலேயே நின்று வேலை செய்பவர். ஒருநாள்கூட கிரீமை ருசித்ததில்லை. மாஸ்டர் விட்டால்தானே! அன்று கரண்டியைத் தயங்கித் தயங்கி வாயில் வைத்தார்.

"போதும் மாஸ்டர். இன்னும் போட்டா கெட்டுடும்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

மாஸ்டர் கிரீமையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பாவமாக இருந்தது. பிறகு பாத்திரத்தை அக்கா பக்கம் நகர்த்தினார்.

"நீங்க சொன்னா சரிதான்க்கா."