துண்டு போட்ட வீட்டில் ஹெவி மெட்டல்

எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டுக் காலிங் பெல் மேல் துண்டு தொங்கினால், உள்ளே நைட் ஷிப்ட் முடித்த ஆள் தூங்குகிறார் என்று அர்த்தம். தபால்காரர் கடிதத்தைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போய்விடுவார். கீரைக்காரம்மா அந்த வீட்டைத் தாண்டும்வரை வாயைத் திறக்க மாட்டார். கிரிக்கெட் ஆடுகிறவர்கள் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த பிளாக்குக்குப் போவார்கள். அந்த வீட்டில் மாமியார் மருமகள் சண்டைகூடக் கிசுகிசுப்பாகத்தான் நடக்கும்.

இப்போது நான் திருநின்றவூரில் வாடகை வீட்டில் இருக்கிறேன். இரவெல்லாம் யாரோ வெளிநாட்டுக்காரர்களுக்குக் கணினியில் பதில் சொல்லிவிட்டுப் பகலில் தூங்கப் பார்க்கிறேன். பழைய பழக்கத்தில் நானும் பெல் மேல் துண்டு போட்டுப் பார்த்தேன். கூரியர்காரர் துண்டை விலக்கிவிட்டு அழுத்துகிறார். எழுந்துபோய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து படுத்தால் தூக்கம் வருவதில்லை, மாமாதான் நினைவுக்கு வருகிறார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மண்ணூர்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். தோள் வரை முடியும், மண்டையோடு போட்ட கறுப்பு டீ ஷர்ட்டுமாக ஹெவி மெட்டல் குழு ஒன்றில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். குழுவில் ஒருவர் துபாய் போனார், இன்னொருவருக்குக் கல்யாணம் ஆனது. மிச்சம் இருந்தது மாமாவும் இரண்டு கிட்டாரும் ஒரு ஆம்ப்ளிஃபயரும்தான். மூன்றையும் தூக்கிக்கொண்டு அந்தக் கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

காட்டுப்பாக்கத்தில் புதிதாகத் தொடங்கிய பள்ளி ஒன்றில் இசை ஆசிரியர் வேலை காலியாக இருந்தது. பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லிக்கொடுப்பதை ஒருமுறை நேரில் பார்க்கிறேன் என்று அந்தப் பள்ளியின் தாளாளர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் மாமா சிறுவர்களுக்கான ஹெவி மெட்டல் பட்டறை என்று நோட்டீஸ் எழுதி பிளாக் பிளாக்காக ஒட்டினார். அந்த வேலை கிடைத்தால் கிட்டாரோடு பிழைக்கலாம், கிடைக்காவிட்டால் கண்ட வேலைக்குப் போக வேண்டும். இதை அம்மா அடுப்படியில் தினம் ஒருமுறை பெருமூச்சோடு சொன்னதால் பத்து வயதிலேயே எனக்கு அது மனப்பாடம். மனப்பாடமாகத் தெரிந்ததெல்லாம் புரிந்தது என்று ஆகிவிடாது, பள்ளிக்கூடத்திலும் எனக்கு அதே கதைதான்.

என்னையும் சேர்த்து ஆறு பேர் சேர்ந்தோம். குவார்ட்டர்ஸ் ஹாலை ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் தர முடியும் என்று சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார். அதனால் பத்து நாள் பயிற்சியும் எங்கள் வீட்டு முன்னறையில், காலை பத்து மணிக்கு. அடுத்த அறையில் அப்பா தூங்கிக்கொண்டிருப்பார். தொழிற்சாலையில் அந்த மாதம் முழுக்க அவருக்கு நைட் ஷிப்ட். பெல் மேல் நான் போட்ட துண்டு தொங்கிக்கொண்டிருக்கும், உள்ளே நாங்கள் ஹெவி மெட்டல் கற்றுக்கொண்டிருப்போம்.

மாமா சளைக்கவில்லை. கிட்டாரை ஆம்ப்ளிஃபயரில் மாட்டாமல் வாசித்தோம், கொசு சத்தம்தான் வந்தது. டிரம்ஸுக்குத் தலையணைகள். நான்தான் பாட்டு. தொண்டையை நம்பாதே, அடிவயிற்றிலிருந்து உறுமு என்று மாமா சொல்லித்தந்தார், உறுமும்போது வாயில் ஒரு குஷனை வைத்து அமுக்கிக்கொள்ளவும் சொல்லித்தந்தார். தலையைச் சுழற்றும்போது எண்ணெய் வழியும் என் இரட்டைப் பின்னல் பக்கத்தில் இருப்பவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பது தனிப் பாடம். உள்ளே கட்டில் கிரீச்சிட்டாலோ அப்பா இருமினாலோ நான் உள்ளங்கையைத் தூக்குவேன். அந்த நொடியே எல்லாரும் விரல் நுனிக்கு இறங்கிவிட வேண்டும். என் வீடு என்பதால் அந்த அதிகாரம் எனக்கு. இன்றுவரை அப்படியொரு பதவி எனக்கு வாய்க்கவில்லை.

பாட்டை நாங்களே எழுத வேண்டும், எதன் மேல் அதிகக் கோபமோ அதைப் பற்றி எழுதுங்கள் என்றார். பாகற்காய், இந்தி டியூஷன், கணக்கு டீச்சர் என்றெல்லாம் பட்டியல் போட்டுவிட்டு, கடைசியில் ஆறு பேரும் ஒரே விஷயத்தில் ஒன்றுபட்டோம். 'சத்தம் போடாதேன்னு சொல்லாதே' என்பதுதான் பல்லவி. அதைப் பத்து நாளும் சத்தமே போடாமல் பாடிப் பழகினோம். அதில் சிரிக்க ஏதாவது இருப்பதாக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஹால் நிரம்பியிருந்தது. தாளாளர் வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி அப்பா. சனிக்கிழமை ராத்திரி ஷிப்டும் பார்த்துவிட்டு, படுத்தால் எழுந்திருக்க முடியாது என்று பயந்து, படுக்காமலே வந்துவிட்டார். காக்கிச் சீருடையைக்கூட மாற்றவில்லை. சங்கச் செயலாளர் வரவேற்புரை என்று தொடங்கிக் குவார்ட்டர்ஸ் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போனார். அவர் முடிப்பதற்குள் அப்பாவின் தாடை நெஞ்சில் இறங்கிவிட்டது.

மாமா ஆம்ப்ளிஃபயரைப் போட்டார். அது உறுமத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர் எண்ணும்போது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். நான் உள்ளங்கையைத் தூக்கினேன்.

ஆறு பேரும் பத்து நாள் பாடத்தை அப்படியே ஒப்பித்தோம். டிரம்ஸ் பையன் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு விரலால் தட்டினான். கிட்டார்கள் தடவப்பட்டன. நான் வாயைப் பிளந்து, பின்னல் பறக்கத் தலையைச் சுழற்றி, அருகில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சத்தம் போடாதேன்னு சொல்லாதே என்று உறுமினேன். பின்வரிசையில் அம்மாக்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மாமா கையை மேலே மேலே என்று காட்டினார். ஏற்று, ஏற்று என்கிறார் என்று தெரிந்தது. நான் கண்ணால் அப்பாவைக் காட்டினேன். மாமா திரும்பிப் பார்த்தார். தூங்குகிற அப்பாவையும் பார்த்தார், தாளாளரையும் பார்த்தார். பிறகு குனிந்து ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருகினார். கூட்டப்போகிறார் என்று நினைத்தேன். குறைத்தார். அந்த இரைச்சலும் அடங்கி, ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பாட்டின் மீதியை நாங்கள் அந்த அமைதியில் முடித்தோம்.

தாளாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பிள்ளைகள் நல்ல ஒழுக்கம் என்று மாமாவின் கையைக் குலுக்கிவிட்டுக் கிளம்பினார். கைதட்டலில் விழித்த அப்பா எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆம்ப்ளிஃபயரைத் தோளில் சுமந்துகொண்டு மாமா முன்னால் நடந்தார். நான் சரியான நேரத்தில் கை தூக்கினேனா என்று கேட்டேன். பெருமை தாங்கவில்லை எனக்கு.

"கரெக்டா தூக்கின கண்ணு. உங்கப்பா எம்மா நாளா தூங்கலயோ, பாவம்" என்றார் மாமா.

அப்பா பின்னாலிருந்து, அந்தப் பள்ளிக்கூடத்துக்காரர் என்ன சொன்னார் என்று விசாரித்தார்.

"சொல்லி அனுப்புறேன்னுக்கீறாரு" என்றார் மாமா. திரும்பிப் பார்க்கவில்லை.

யாரும் சொல்லி அனுப்பவில்லை. பள்ளி திறந்த வாரத்தில் மாமா முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். நைட் ஷிப்ட். அப்பாவுக்கு அந்த மாதம் பகல் ஷிப்ட் வந்துவிட்டதால் துண்டுக்கு வேலை இல்லாமல் இருந்தது. துண்டு போடும் வேலை மறுபடி வந்ததில் எனக்கு ஒரே குஷி. மாமாவுக்குச் சாதாரணத் துண்டு போட எனக்கு மனம் வரவில்லை. அவர் பையைக் குடைந்து அந்த மண்டையோட்டு டீ ஷர்ட்டை எடுத்து, மண்டையோடு வெளியே தெரிகிற மாதிரி பெல் மேல் மாட்டினேன்.

காலையில் ஷிப்ட் முடிந்து வந்த மாமா செருப்பைக்கூடக் கழற்றாமல் அதன் எதிரில் கொஞ்ச நேரம் நின்றார். நான் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன்.

"சோக்கா கீது கண்ணு" என்றார். அப்புறம் உள்ளே போய், அம்மா கூப்பிட்டும் சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த டீ ஷர்ட்டை அவர் அப்புறம் திரும்பக் கேட்கவே இல்லை. எனக்கே கொடுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.