தறிக்கூடத்துக்கு வீட்டு வரி

ரங்கநாயகி பதினேழு வருடமாகச் சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிறாள். புது ஆள் எதிரே வந்தால் சேலைத் தலைப்பைப் பிசைந்துகொண்டு ஒதுங்கி நிற்பாள். தறிச் சத்தத்தில் எல்லாரும் கையசைத்துத்தான் பேசிக்கொள்வார்கள் என்பதாலேயே அந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

அவள் குடியிருந்ததும் ஒரு பழைய தறிக்கூடம்தான். வீட்டுச் சொந்தக்காரர் அப்புசாமி தறிகளை எடைக்குப் போட்டுவிட்டு, கூடத்தை மூன்று வீடாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார். தறி போய் ஆறு வருடமாகியும் வரி போகவில்லை. ரசீதில் இன்னும் 'தொழிற்கூடம்' என்றே வந்தது. வீட்டு வரியைவிட அது இரண்டு மடங்கு.

"அம்மணி, ஊட்டு வரியா மாத்திக் குடுத்துட்டாங்கன்னா வாடகை இப்படியே இருக்கட்டும். இல்லீன்னா ஆயிரம் ஏத்தித்தான் ஆகோணும். என்னாலயும் முடியலீங்க" என்றார் அப்புசாமி.

ஆயிரம் ஏறினால் ரங்கநாயகி மகள் மௌனிகாவைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டே தள்ளிப் போக வேண்டியதுதான்.

வரியை மாற்றச் சொல்லி அப்புசாமி போட்ட மனுவைப் பார்த்து விசாரிக்க வரி அதிகாரி வந்தார். இஸ்திரி வேட்டியில் விறைப்பாக நின்ற அப்புசாமியிடம், வண்டியை நிறுத்தியபடியே, "ஏனுங்க, தறி ஓடுதுங்களா?" என்றார்.

சோமனூரில் அது கேள்வியே அல்ல. கல்யாண வீட்டில் பார்த்தாலும் ஆஸ்பத்திரி வரிசையில் பார்த்தாலும் அப்படித்தான் நலம் விசாரிப்பார்கள். அதற்குப் பதிலும் ஒன்றே ஒன்றுதான்.

"ஓடுதுங்க! உங்க புண்ணியத்துல நல்லா ஓடுதுங்க!" என்றார் அப்புசாமி, முகமெல்லாம் பல்லாக.

அதிகாரி பேனாவைத் திறந்தார். "அப்பத் தொழிற்கூடமேதானுங்களே?"

"ஐயையோ, அது சும்மா சொன்னதுங்க!"

"எதுங்க சும்மா? மனுவா?"

பின்னால் ஒதுங்கி நின்ற ரங்கநாயகி இல்லை இல்லையென்று இரண்டு கையையும் ஆட்டினாள். வணக்கம் சொல்கிறாளாக்கும் என்று அதிகாரி பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு எழுதக் குனிந்தார். இனி வாயைத் திறந்தே ஆக வேண்டும். திறந்தாள். வந்ததோ பதினேழு வருடம் தறிக்கு மேல் கத்திப் பழகிய குரல்.

"சார்! தறி ஓடுனா, நீங்க கேட்டது அவருக்குக் கேட்டிருக்குமுங்களா?"

வேப்பமரத்துக் காக்கையெல்லாம் கிளம்பிப் பறந்தது. தெருவே அடங்கிப்போன அந்த நேரம் பார்த்து உள்ளே குக்கர் விசிலடித்தது.

"இங்க ஓடற மெஷினு அது ஒண்ணுதானுங்க சார்!" என்றாள் வாசற்படியில் நின்ற மௌனிகா.

அதிகாரி சிரித்துக்கொண்டே உள்ளே போனார். தறி நின்ற சிமென்ட் மேடையில் கேஸ் அடுப்பு இருந்தது. மோட்டார் ஒயர் மாட்டியிருந்த கொக்கியில் பள்ளிக்கூடச் சீருடை தொங்கியது. 'குடியிருப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்புசாமிக்கு மூச்சு வந்தது. ரங்கநாயகிக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதிகாரி வண்டியைக் கிளப்பும்போது எதிர் டீக்கடை நஞ்சப்பன் எட்டிப்பார்த்து, "அப்புசாமிண்ணா, தறி ஓடுதுங்களா?" என்றார்.

அப்புசாமியின் வாய் தன்னால் திறந்தது.

"ஊடு! ஊடுங்க! ஊடு!" என்று ரங்கநாயகி போட்ட கூச்சலில் நஞ்சப்பன் கையிலிருந்த டீ பாதி சிந்திப்போயிற்று.

அதிகாரி திரும்பிப் பார்க்கவில்லை. போகிற போக்கில், தறிக்காரர்கள் மாதிரியே, புரிந்தது புரிந்தது என்று கையை மட்டும் ஆட்டினார்.