நான் நன்றாக ஆடிய வருஷம்

முதலில் கேட்டது சத்தம்தான். ஈரத் துணியை ஒரு உதறு உதறியதுபோல, இடது முட்டிக்கு உள்ளே இருந்து ‘டப்’ என்று. வலி அதற்குப் பிறகுதான் வந்தது. வலை ஓரம் எம்பி அடித்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்கியிருந்தேன். பந்து எதிர்ப்பக்கம் விழுந்ததையும், பெண்கள் கை தட்டியதையும் தரையில் கிடந்தபடிதான் பார்த்தேன்.

இப்படி ஒரு சத்தம் கேட்டு, சில நாளில் வீக்கம் வடிந்து, இனி ஒன்றுமில்லை என்று மறுபடி ஷூ மாட்டிக்கொள்ளும் பெண்ணுக்காக இதை எழுதுகிறேன். அந்தப் பெண்ணின் அம்மா படித்தாலும் நல்லது.

ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு சேவூர். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். அம்மா நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போகிறாள். எங்கள் கல்லூரி வாலிபால் அணியில் நான் அடிக்கிறவள். எனக்குப் பந்து தூக்கிப் போடும் செட்டர் நதியா, பெரணமல்லூர்க்காரி. அவள் விரலை விட்டுப் பந்து எப்போது கிளம்பும் என்பது எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். எங்கள் இருவரையும் பார்க்கவே மற்ற கல்லூரிப் பெண்கள் வந்து கோட்டோரம் நிற்பார்கள்.

அன்று பயிற்சியாளர் முட்டியை அமுக்கிப் பார்த்தார். அவரை எல்லோரும் பி.டி. சார் என்போம்.

“சவ்வு லேசா இழுத்துகினு இருக்கும். ஐஸ் வெச்சிக்கோ. ஒண்ணும் பேஜார் இல்ல” என்றார்.

வீட்டுக்குப் போவதற்குள் முட்டி பானைபோல ஆகிவிட்டது. அம்மா ஒத்தடம் கொடுத்தாள். ஊரில் எண்ணெய் போட்டு நீவிவிடுகிறவரிடம் போனோம். மெல்ல வீக்கம் வடிந்தது. நடந்தேன். பிறகு ஓடினேன். வலி இல்லை.

இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறோம். முட்டிக்குள் ஏ.சி.எல். என்று ஒரு நாண் இருக்கிறது (தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் முன்னே பின்னே நழுவாமல் குறுக்காகப் பிடித்து வைத்திருப்பது). அது அறுந்துபோனாலும் வீக்கம் வடிந்ததும் வலி அடங்கிவிடும். நேராக நடக்கலாம், மிதிவண்டி ஓட்டலாம். சட்டென்று திரும்பும்போதும் குதித்து இறங்கும்போதும் மட்டும் முட்டி நழுவும். கால் என்னுடையதுதான், ஆனால் ஒரு கணம் என் பேச்சைக் கேட்காது. அதை நான் பி.டி. சாரிடம் சொன்னேன்.

“சார், எறங்கும்போது முட்டி வழுக்குது சார்.”

“டேப்பு ஒட்டிக்கோ. சீசன் முடியட்டும், வேலூர்ல பெரிய டாக்டராண்ட காட்டலாம். இப்போ நீ உக்காந்துட்டா டீமே உக்காந்துடும்.”

எனக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது. பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கும் வருஷம் அது. அந்த அணியில் ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு மனுப் போடலாம். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் மாதச் சம்பளம் வாங்கியதில்லை.

அந்த சீசனில் நான் ஆடியதுபோல அதற்கு முன் ஆடியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கால் எப்போது கைவிடும் என்ற பயத்தில் ஒவ்வொரு பந்தையும் அதுவே கடைசி என்பதுபோல அடித்தேன். தேசூரிலிருந்து வந்த ஒரு பெரியவர், “இந்தப் பொண்ணு கையில இன்னாய்யா இருக்குது?” என்று கேட்டாராம். செய்தித்தாளில் என் படம் வந்தது. முட்டியைச் சுற்றி வெள்ளை டேப், முகத்தில் பெரிய சிரிப்பு.

அது எவ்வளவு மோசம் என்று தெரிந்தவள் நதியா ஒருத்திதான். நான் இறங்கும்போது முகம் சுருங்குவதை அவள் பார்த்துவிட்டாள். அதன் பிறகு எனக்குப் போடும் பந்தை வலையை விட்டுச் சற்றுத் தள்ளி, தாழ்வாகப் போட ஆரம்பித்தாள். நான் அதிகம் எம்ப வேண்டாம் என்பதற்காக. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

இறுதி ஆட்டம் ஐந்தாவது செட்டுக்குப் போனது. அதற்குள் என் முட்டி இரண்டு முறை நழுவியிருந்தது. நதியா எனக்குப் போடுவதை நிறுத்திவிட்டாள். பந்தெல்லாம் வலது பக்கம் நின்ற பெண்ணுக்குப் போயின. அவள் அடித்தது வலையைத் தாண்டவில்லை. கோட்டுக்கு வெளியே பி.டி. சார் கத்தினார்:

“நதியா! பவித்ராவுக்குப் போடு! இன்னா பண்ணிகினு இருக்கிற நீ?”

நதியா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். போடு என்றுதான் ஆட்டினேன்.

உயரமான, அழகான பந்து. அவள் எனக்குப் போட்டதிலேயே நல்ல பந்து. அடித்தேன். புள்ளி கிடைத்தது, கோப்பையும் கிடைத்தது. கீழே வந்தபோது முட்டி பக்கவாட்டில் மடங்கியது. இந்த முறை சத்தம் பந்தயம் பார்க்க வந்தவர்களுக்கே கேட்டதாகச் சொன்னார்கள். சிறந்த வீராங்கனை என்று மேடைக்கு அழைத்தபோது இரண்டு பெண்கள் என்னைத் தூக்கிப் போனார்கள்.

வேலூர் மருத்துவமனையில் நீண்ட தாழ்வாரம். நான் சக்கர நாற்காலியில், அம்மா ஒரு பக்கம், பி.டி. சார் ஒரு பக்கம். எம்.ஆர்.ஐ. (காந்தத்தின் உதவியால் உடம்பின் உள்ளே படம் எடுப்பது) முடிந்து டாக்டர் கூப்பிட்டார்.

“எப்படி அடிபட்டுது?”

நான் வாயைத் திறப்பதற்குள் பி.டி. சார் சொன்னார்: “வீட்ல வழுக்கி விழுந்துட்டா சார். பாத்ரூம்ல.”

எனக்குப் புரியவே சற்று நேரம் ஆனது. அம்மாவுக்கு ஆகவில்லை.

“இன்னாங்க சார் இப்பிடி சொல்றீங்க? எங்க வீட்ல பாத்ரூம்ல விழலீங்க. உங்க ஆட்டத்துலதாங்க விழுந்துச்சு. ஊரே பார்த்துச்சு.”

பி.டி. சார் செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதன் பிறகு அந்த மருத்துவமனைக்கு அவர் வரவில்லை. அடிபட்ட பெண்ணை ஆடவிட்டது தெரிந்தால் கல்லூரி பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டினார். “ஏ.சி.எல். இப்போ அறுந்தது இல்லம்மா. பழசு. அப்பவே வந்திருந்தா அதை மட்டும் சரி பண்ணியிருக்கலாம். அறுந்த காலோட ஆடி ஆடி மெனிஸ்கஸும் நைஞ்சு போச்சு.” மெனிஸ்கஸ் என்பது இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தைபோல இருக்கும் குருத்தெலும்பு. “அதுல பாதிக்கு மேல எடுக்கணும். திரும்ப வளராது.”

“மறுபடி ஆடுவாளா?” என்று அம்மா கேட்டாள்.

“நடப்பாங்க” என்றார் டாக்டர்.

காப்பீட்டு அட்டையில் அறுவை நடந்தது. ஆர்த்ரோஸ்கோபி (சிறு துளை வழியாகக் கேமராவை உள்ளே விட்டுச் செய்வது). என் தொடையின் பின்பக்கத்திலிருந்தே ஒரு நாணை எடுத்து முட்டிக்குள் கட்டினார்கள். அதன் பிறகு பிசியோதெரபி (தசைக்குப் பயிற்சி கொடுத்து இயக்கத்தை மீட்பது). இதைப் பற்றி யாரும் நமக்குச் சரியாகச் சொல்வதில்லை. அறுவை எளிது, மயங்கிக் கிடப்போம். காலை மடக்கப் பழகுவதுதான் கஷ்டம். மடங்காத முட்டியை மடக்கும்போது நான் அம்மாவைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறேன். அவள் என் குதிகாலைப் பிடித்துக்கொண்டு, “திட்டுடி, திட்டிகினே மடக்கு” என்பாள்.

தொடை சூம்பிப்போனது. எம்பிப் பறந்த கால் குச்சியாகிக் கிடப்பதைப் பார்க்கத் தயாராக இருங்கள். என்னை யாரும் தயார்ப்படுத்தவில்லை.

நதியா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கட்டில் ஓரம் உட்கார்ந்தாள்.

“நான் அந்தப் பந்தைப் போட்டிருக்கக் கூடாதுடி.”

“போடலன்னா உன்கூட ஆயுசுக்கும் பேசியிருக்க மாட்டேன்.”

“இப்போ?”

காப்பி குடிக்கிறியா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். அவளும் நானும் கட்டிப்பிடித்து அழுதோம் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.

பல்கலைக்கழக அணிக்கு அவளை எடுத்தார்கள். இப்போது சென்னையில் போலீஸ் அணிக்கு ஆடுகிறாள். அவள் அதற்கு முழுக்கத் தகுதியானவள். ஆனாலும் காக்கி உடுப்பில் அவள் படத்தைச் செல்போனில் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நோயாளிக்குப் பொறாமை வரும். வந்தால் பயப்படாதீர்கள், அதுவும் வீக்கம் மாதிரிதான். வடியும் என்று மட்டும் நான் உறுதி சொல்ல மாட்டேன்.

கல்லூரி அடுத்த வருஷச் சேர்க்கைக்கு ஒரு பேனர் வைத்தது. கோப்பையோடு அணி நிற்கும் படம். நான் அதில் இல்லை. படம் எடுத்தபோது ஆம்புலன்ஸில் இருந்தேன்.

டிகிரியை முடித்தேன். எங்கள் தெருவில் தறியில் உட்காரக் கூப்பிட்டார்கள். பலகையை மிதிக்க முட்டி ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது ஆரணியில் ஒரு பட்டுக்கடையில் நாற்காலியில் உட்கார்ந்து பில் போடுகிறேன். சேலைகளைப் படம் பிடித்து வெளியூர் வாடிக்கையாளர்களுக்கு அனுப்புகிறேன். நொண்டுவதில்லை. பார்த்தால் யாருக்கும் தெரியாது. மாடிப்படியில் இறங்கும்போது மட்டும் கைப்பிடியைத் தேடுவேன்.

முன்பு எனக்கு நேரம் என்பது அந்தரத்தில் இருந்த அந்தக் கொஞ்ச நேரம்தான். பந்தும் நானும் மேலே நிற்கும்போது மற்றதெல்லாம் காத்திருக்கும். இப்போது எதுவும் எனக்காகக் காத்திருப்பதில்லை. சாலையைக் கடக்கும் முன் முட்டியைக் கேட்டுக்கொள்கிறேன். அது யோசித்துத்தான் பதில் சொல்கிறது. உடம்பின் மற்ற இடங்களுக்கெல்லாம் என் வயதுதான். அந்த ஒரு இடம் மட்டும் என்னை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டது.

போன வாரம் கடையிலிருந்து வந்ததும் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்தேன். அம்மாவும் நடவிலிருந்து வந்து, சேற்றைக் கழுவிவிட்டு எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தன் முட்டியை இரண்டு கையாலும் பிடித்து அமுக்கினாள்.

“மழை வரும் போலக்கீதுடி. முட்டி குடையுது.”

“ஆமாம்மா. எனக்கும் மத்தியானத்திலேர்ந்து.”

அவள் அமுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.