பழைய வாரண்டின் மேல் அடித்தது

நீதிபதி விதித்தது ஒரு தண்டனை, கைதி அனுபவித்தது இன்னொன்று என்றால், இடையில் தீர்ப்பளித்தவர் யார்? ஒரு நீதிமன்றத் தட்டச்சரின் வாழ்க்கை கேட்ட கேள்வி இது. எல்லோருக்கும் அவர் டைப் அக்கா.

சிறைக்கு அனுப்பும் வாரண்டை அங்கே யாரும் புதிதாக அடிப்பதில்லை. கணினியில் முந்தைய வழக்கினுடையதைத் திறந்து பெயரையும் எண்ணையும் மாற்றுவார்கள். ஒரு எலக்ட்ரீஷியனுக்கு வீடு புகுந்ததற்கு இரண்டு வருடம், திருடியதற்கு இரண்டு வருடம். இரண்டையும் ஒரே காலத்தில் அனுபவிக்க வேண்டும் என்றது தீர்ப்பு. ஆக மொத்தம் இரண்டே வருடம். அக்கா திறந்த பழைய வாரண்டில் ‘ஒன்றன்பின் ஒன்றாக’ என்றிருந்தது. அது அப்படியே போய் நான்காயிற்று. நீதிபதி படிக்காமல் கையெழுத்திட்டார்.

இரண்டு வருடம் முடிந்ததும் அவன் மனைவி வந்தாள்.

“அக்கா, அவரை இன்னும் விடலையே?”

“ஜெயில்ல கேளும்மா.”

“அங்க கோர்ட்ல கேக்கச் சொல்றாங்க. நான் என்ன பந்தா, ஆளாளுக்கு உதைக்க?”

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. வழக்குக் கட்டை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. அவள் மூன்று முறை வந்தாள், ஒவ்வொரு முறையும் இன்னும் இளைத்து. நான்காம் முறை வந்தது அவள் அண்ணன்.

“தங்கச்சி காலைல போயிட்டா மேடம். மாப்பிள்ளை முகம் பாக்கணும். பரோலுக்கு எங்க எழுதணும்?”

அன்றுதான் அக்கா கட்டைப் பிரித்தார்: தீர்ப்பில் இரண்டு, வாரண்டில் நான்கு.

தலைமை எழுத்தர் கதவைச் சாத்தினார். “சத்தமில்லாம திருத்தி அனுப்பினா விட்டுடுவாங்க. எட்டு மாசத்துல ரிட்டயர் ஆகறீங்க. சும்மா கெடக்கற சங்கை ஏன் ஊதறீங்க?”

“பதினோரு மாசம் சார். அதிகமா இருந்திருக்கான்.”

நடந்ததை நீதிபதிக்கு எழுதிக் கொடுத்தார். அதை நேர்மை என்று உடனே புகழ்ந்துவிட முடியாது. மூன்று முறை திருப்பி அனுப்பிய பிறகு வந்த நேர்மை. எலக்ட்ரீஷியன் மறுநாள் வெளியே வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

அடுத்த வாரம் அவன் அலுவலகத்துக்கு வந்தான். “அந்த வாரண்டை அடிச்சது யாரு?”

அக்கா எழுந்து நின்றார். “நான்தாம்பா.”

“அவ உங்ககிட்ட வந்தாளா?”

“மூணு தடவை.”

“எப்படி இருந்தா? ஜெயில்ல கம்பி வலைக்குப் பின்னாடி சரியாத் தெரியாது.”

“ரொம்ப இளைச்சிருந்தா. ஆனா என்னைச் சிரிக்க வெச்சா.”

அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

விசாரணை நடந்தது. அக்காவின் பணிப்பதிவேட்டில் ‘எச்சரிக்கப்பட்டார்’ என்று ஒற்றை வரி ஏறியது. கையெழுத்திட்டவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஓய்வுபெறும் மாதத்தில், முப்பத்தொரு வருட உழைப்பைக் கருதி அந்த வரியை நீக்கத் துறை முன்வந்தது. தலைமை எழுத்தரே மனுவைத் தயாரித்துக் கொண்டுவந்தார்.

“ஒரு கையெழுத்துதாம்மா. வந்த மாதிரியே சுத்தமாப் போகலாம்.”

அக்கா இரண்டு முறை படித்தார். பேனாவை மூடினார். கையெழுத்திடாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

“ஏம்மா?”

“அவ மூணு தடவை வந்தா சார். அந்த வரி இருக்கட்டும்.”