இல்லாத முயலுக்கு முள்ளங்கிக் கீரை

என் வீட்டில் முயல் கிடையாது. என்றைக்கும் இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் போன குளிர்காலத்தில் மயூர் விஹாரில் எங்கள் பிளாக்கில் பாதிப் பேரும், மதுரையில் என் வீட்டுக்காரர் இருக்கிற தெருவில் முக்கால்வாசிப் பேரும் என்னிடம் ஒரு முயல் இருக்கிறது என்று நம்பினார்கள். வெள்ளை முயல். பெண். கொஞ்சம் கூச்ச சுபாவம்.

வீட்டுக்காரர் ரிடையரானதும் மதுரைக்குக் கிளம்பினார். நீயும் வி.ஆர்.எஸ். கொடுத்துவிட்டு வா என்றார். எனக்கு இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ் பாக்கி. முப்பது வருஷம் அடுத்தவர் மேஜைக்கு ஃபைல் தூக்கிவிட்டு இப்போதுதான் செக்‌ஷன் ஆபீசர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், அது சூடாவதற்குள் எழுந்து போவதா? முடியாது என்றுவிட்டேன். மூன்று நாள் சண்டைக்குப் பிறகு ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். நான் ஒவ்வொரு வேளையும் முறையாகச் சமைத்துச் சாப்பிட வேண்டும். ஏனோதானோவென்று எதையாவது தின்று காலத்தை ஓட்டுகிறேன் என்று அவர் காதில் விழுந்தால், மறு பேச்சில்லாமல் வேலையை விட்டுவிட்டு ரயிலேற வேண்டும்.

காதில் விழவைப்பதற்கு ஆளும் இருந்தது. எங்கள் மாடி வீட்டுக்காரி, திருநெல்வேலிப் பக்கம். தங்கமான மனசு, ஆனால் அவள் வயிற்றில் ஒரு சேதி அரை மணி நேரம் தங்கினால் அஜீரணம் வந்துவிடும். என் வீட்டுக்காரர் போகும்போது அவளிடம் நம்பரைக் கொடுத்து, கொஞ்சம் பார்த்துக்கம்மா என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவளும் பார்த்துக்கொண்டாள், என் குப்பைக்கூடை உட்பட.

இப்போது குளிருக்கு வருகிறேன். டிசம்பர் பிறந்துவிட்டால் டெல்லியில் சமையலறைக் குழாயைத் திறக்கவே ஒரு தைரியம் வேண்டும். ஆபீசிலிருந்து மெட்ரோவில் வந்து இறங்கி, வீட்டுக்குள் நுழைந்து, போட்டிருக்கிற ஸ்வெட்டரைக் கழற்றாமல் அதன் மேல் இன்னொன்றை மாட்டிக்கொண்டு, குரங்குக் குல்லாயோடு அடுப்பு முன்னால் போய் நிற்பேன். அந்த நேரத்தில் சாம்பார், ரசம், இரண்டு காய் என்று யாராவது பேச்செடுத்தால் அடித்துவிடுவேன். ஒரு ஆளுக்கு ஒரு பாத்திரம் போதும். அதில் ஆவி பறக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பாத்திரத்தில் என்ன என்று கேட்டால், முள்ளங்கிக் கீரைக் கூட்டு. சின்னக் குக்கரில் ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு, பொடியாக நறுக்கின கீரை, கொஞ்சம் மஞ்சள், ஒரே ஒரு விசில். தேங்காய் இருந்தால் சீரகத்தோடு அரைத்து விடுவேன், இல்லையென்றால் மிளகைத் தட்டிப் போட்டு அதுதான் செய்முறை என்று எனக்கு நானே சாதிப்பேன். தேங்காய் எண்ணெய் புட்டியில் கல்லாக உறைந்து கிடக்கும். ஸ்பூன் காம்பால் சுரண்டிக் கரண்டியில் போட்டால் உருகித் தாளிப்பாகும். தட்டும் ஐஸாக இருக்கும் என்பதால் அதைக் குக்கர் மேல் கவிழ்த்துச் சூடேற்றிக்கொள்வேன். பிறகு சுடச்சுடச் சோற்றைப் போட்டு, குழி பறித்துக் கூட்டை ஊற்றி, அடுப்பருகிலேயே நின்றபடி சாப்பிடுவேன். சாப்பாட்டு மேஜை எட்டடி தள்ளி இருக்கிறது, அதுவரை எடுத்துப்போனால் ஆறிவிடும். சும்மா சொல்லக் கூடாது, முதல் கவளம் உள்ளே இறங்கும்போது கால் விரல் வரைக்கும் தெரியும்.

அந்தக் கீரை கடையில் கிடைக்காது, கடையில் கிடக்கும். எங்கள் பக்கம் புதன்கிழமை மாலை ரோட்டோரத்தில் சந்தை போடுவார்கள். அங்கே ஒரு அம்மாள், சேலைக்கு மேல் ஆம்பளைக் கோட்டும் அதற்கு மேல் சால்வையுமாகச் சாக்கில் உட்கார்ந்து முள்ளங்கியும் கூடவே பட்டாணி, கேரட், காலிஃப்ளவரும் விற்பாள். என்னைவிட நரை அதிகம், ஆனால் என்னை ஆண்ட்டிஜி என்றுதான் கூப்பிடுவாள். யார் முள்ளங்கி வாங்கினாலும் தழையை ஒரே திருகில் திருகிப் பக்கத்தில் வீசுவாள். வாங்குகிறவர்களும் திரும்பிப் பார்க்காமல் கிழங்கோடு போவார்கள். பச்சைப் பசேலென்று அவ்வளவு கீரை மாட்டுக்குப் போகிறதே என்று எனக்கு வயிறு எரியும். முதலில் என் முள்ளங்கியின் தழையை மட்டும் கேட்டு வாங்கினேன். ஆனால் கீரை வெந்தால் ஒரு பிடிதான் தேறுகிறது. முள்ளங்கியோ ஒரு ஆளுக்கு ஒரு வாரம் கிடக்கிறது. அதனால் பட்டாணி வாங்குகிற சாக்கில் போய் நின்று, அடுத்தவர் விட்டுப்போன தழையையும் பொறுக்க ஆரம்பித்தேன். நான் கருமி இல்லை. வீணாவதைப் பார்த்தால் கை தானாகப் போகும், அவ்வளவுதான்.

ஒரு புதன்கிழமை குனிந்து மும்முரமாகப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"என்னக்கா, மாட்டுக்குப் போடுற தழையப் போய் எடுக்கிய?"

மாடி வீட்டுக்காரி. எனக்கு அந்தக் குளிரிலும் வேர்த்தது. அவள் போனை எடுப்பதும், மதுரையில் மணி அடிப்பதும், வேண்டாமென்று எறிகிற இலையைத் தின்றுகொண்டு அங்கே இருக்கிறாயா என்று வீட்டுக்காரர் டிக்கெட் போடுவதும் வரிசையாகத் தெரிந்தன. யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"முயலுக்கு" என்றேன்.

ஏன் முயல் என்று கேட்காதீர்கள். முதல் மாடி ஃப்ளாட்டில் மாடு என்று சொல்ல முடியாது. முயல் ஏது என்றாள். ஆபீசில் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனார் என்றேன். எங்களுக்குள் தமிழில் ஏதோ சுவாரஸ்யமாக நடக்கிறது என்று முள்ளங்கி அம்மாளும் என்னவென்று கேட்டாள். கர்கோஷ், என் வீட்டில் கர்கோஷ் இருக்கிறது என்று இந்தியிலும் ஒரு தடவை பொய் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் ஒரு தரம் பார்த்தாள். பிறகு அச்சா என்று தலையாட்டிவிட்டு, கிடந்த தழையில் நல்லதாக இன்னொரு பிடி எடுத்து என் பையில் திணித்தாள்.

அன்றிலிருந்து முயலுக்கு ராஜயோகம். வாராவாரம் ஒரு பை கட்டித் தயாராக இருக்கும். முள்ளங்கித் தழை, காலிஃப்ளவரைச் சுற்றியிருக்கிற இலை, அதன் தண்டு, கேரட் தழை. மூன்றாவது வாரத்திலிருந்து ஒரு பிடி கொத்தமல்லி வேறு. உன் முயலுக்குக் கொத்தமல்லி பிடிக்குமா என்று அவள் கேட்க, உயிரையே விடும் என்றேன். ஆணா பெண்ணா என்றாள். இன்னொரு ஆம்பளையைக் கட்டி மேய்க்க எனக்குத் தெம்பில்லை, பெண் என்றேன். குளிர் தாங்குமா என்றாள். சாக்ஸ் போட்டுவிட்டிருக்கிறேன் என்றேன். அது மட்டும் பொய் இல்லை, நான் இரண்டு ஜோடி போட்டிருந்தேன்.

வீட்டில் கேரட் தழையைப் புளியும் வரமிளகாயும் வைத்துத் துவையல் அரைத்தேன். காலிஃப்ளவர் தண்டைத் தோல் சீவி ஞாயிற்றுக்கிழமைச் சாம்பாரில் போட்டால் நூக்கல் மாதிரி இருந்தது. பட்டாணி உரித்த தோலையும் விட்டுவைப்பானேன் என்று ஒரு நாள் பொரியல் செய்தேன். சாக்குக் கயிற்றைத் தாளித்துத் தின்ற மாதிரி இருந்தது. அதை அந்த முயல்கூடத் தொட்டிருக்காது.

சேதி எதிர்பார்த்தபடி மதுரைக்குப் போனது. அந்த முதல் புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கே வீட்டுக்காரரிடமிருந்து போன்.

"ஏய், முயலு வளக்கிறியாம்ல?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? கோபப்படுவார் என்று பார்த்தால் மனுஷனுக்கு அத்தனை சந்தோஷம். நீ தனியாக இருக்கிறாயே என்று கவலைப்பட்டேன், நல்ல துணை என்றார். அதற்கப்புறம் தினமும் போன் வந்தது. முயல் சாப்பிட்டதா, முயல் தூங்கியதா, முயலுக்கு ஸ்வெட்டர் தைக்கலாமா. ஆறு மாதமாக என்ன சமைத்தாய் என்று குடைந்த மனுஷன், என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போட்டோ அனுப்பு என்றார். கேமராவைக் கண்டால் ஒளிந்துகொள்கிறது என்றேன். பாவம், கூச்சம்போல என்று உருகினார். இல்லாத முயல் மேல் எனக்குப் பொறாமை வந்தது. ஒரு நாள் கடுப்பில், நானும்தான் சாப்பிட்டேன் என்று நானாகச் சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

ஜனவரியில் மூடுபனி கெட்டியாக இறங்கியபோது எனக்குச் சளி பிடித்தது. சளி காய்ச்சலானது. தொண்டை கட்டி, பேசினால் காற்றுதான் வந்தது. இரண்டு புதன்கிழமை சந்தைக்குப் போகவில்லை. உப்புப் போட்ட கஞ்சி வைத்து, கம்பளிக்குள் உட்கார்ந்து அதையே இரண்டு வேளையும் குடித்தேன். அது ஒப்பந்த மீறல் என்று எனக்கே தெரியும். மாடி வீட்டுக்காரி ஒரு டம்ளர் மிளகு ரசம் கொண்டுவந்தாள். என்னைப் பார்த்தாள், ஹாலைப் பார்த்தாள், கட்டிலுக்கடியில் குனிந்தும் பார்த்தாள். முயல் எங்கே என்றாள். பாத்ரூமில் இருக்கிறது என்று கையைக் காட்டினேன். அவள் போய் மூடியிருந்த கதவை மரியாதையாக இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வந்தாள். பதில் வராததால் தூங்குகிறது என்று முடிவு செய்துகொண்டாள். போகும்போது, மனுஷருக்கே இப்படி இருக்கிறது, அதற்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். காய்ச்சலில் சிரிக்கவும் தெம்பில்லை.

மூன்றாவது புதன்கிழமை, குரங்குக் குல்லாய்க்கு மேல் சால்வையைச் சுற்றிக்கொண்டு சந்தைக்குப் போனேன். முள்ளங்கி அம்மாள் என்னைப் பார்த்ததும் இரண்டு வாரமாக எங்கே போனாய் என்று அதட்டினாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், இருமல்தான் வந்தது. அவள் சாக்குக்கு அந்தப் பக்கம் திரும்பி, பையில் எதையோ போட்டு முடிச்சிட்டு என் கையில் கொடுத்தாள்.

"சீக்கிரம் வீட்டுக்குப் போ. முயலுக்கு இன்னைக்குச் சூடாப் போடு" என்றாள் இந்தியில்.

வீட்டுக்கு வந்து சமையல் மேடையில் பையைக் கவிழ்த்தேன். முள்ளங்கிக் கீரை, அதுவும் பழுத்த இலை ஒன்றுகூட இல்லாமல் கிள்ளி ஆய்ந்து வைத்திருந்தாள். கொத்தமல்லி. அதற்கடியில் ஒரு விரல் நீள இஞ்சி, நாலு பல் பூண்டு, மூன்று பச்சை மிளகாய், ஒரு எலுமிச்சம்பழம்.

பச்சை மிளகாயைக் கையில் எடுத்தேன். உலகத்தில் எந்த முயல் பச்சை மிளகாய் தின்னும்? எந்த முயலுக்குச் சூடாகப் போட வேண்டும்? அப்படியென்றால் இவளுக்குத் தெரியும். இன்றைக்கு இல்லை, அந்த முதல் நாளே, மேலும் கீழும் பார்த்தாளே, அப்போதே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே அது ஆணா பெண்ணா, குளிர் தாங்குமா என்று முகத்தை நேராக வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறாள். என் சாக்ஸைத்தான் விசாரித்திருக்கிறாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்புறம் சிரிப்பு வந்தது, சிரிப்பில் இருமல் வந்தது, இருமலில் கண்ணில் தண்ணீர் வந்தது. அத்தனையும் இருமலால் வந்ததுதானா என்று கேட்டால் இல்லை.

இஞ்சியையும் பூண்டையும் தட்டி, பச்சை மிளகாயைக் கீறிப் போட்டுக் கூட்டு வைத்தேன். கடைசியில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். நின்றுகொண்டே இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். மூக்கு திறந்தது.

போன் வந்தது. முயலு சாப்பிட்டுச்சா என்று கேட்டார். வருவது வரட்டும் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. டிக்கெட் போடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அப்ப முயலே கெடையாதா?" என்றார்.

அவர் குரல் கேட்கச் சகிக்கவில்லை. தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாராம். அவரைச் சமாதானப்படுத்தவே பத்து நிமிஷம் ஆனது. பிறகுதான் என் ஞாபகம் வந்து, எலுமிச்சம்பழம் பிழிந்தால் கூட்டு கசக்காதா என்று கேட்டார். கசக்கவில்லை என்றேன். செய்முறையைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். வி.ஆர்.எஸ். பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

அடுத்த புதன்கிழமை ஆபீசிலிருந்து நேராகச் சந்தைக்குப் போகவில்லை. வீட்டுக்குப் போய்ச் சோறும் கூட்டும் வைத்து, டிபன் டப்பாவில் போட்டு, ஆறாமல் இருக்க என் சால்வையைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். கடைக்கு முன்னால் மாடி வீட்டுக்காரி பட்டாணி பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷம் கால் பின்வாங்கியது. போனால் போகிறது என்று அவள் கண் முன்னாலேயே டப்பாவைத் திறந்து முள்ளங்கி அம்மாளிடம் நீட்டினேன். ஆவி பறந்தது. மாடி வீட்டுக்காரி டப்பாவில் இருந்த கீரையைப் பார்த்தாள், குவிந்து கிடந்த தழையைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். பட்டாணியைப் போட்டுவிட்டுப் பைக்குள் போனைத் தேடினாள்.

முள்ளங்கி அம்மாள் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு, ஒரு வாய் பிசைந்து போட்டுக்கொண்டாள். நிதானமாக மென்றாள். இன்னொரு வாய் எடுத்தாள்.

"உன் முயல் நல்லாத்தான் சமைக்குது" என்றாள். "உப்புதான் கொஞ்சம் கம்மி."