கொடுமைக்கார மாமியார் வேஷம்

எனக்கு எண்பத்தொரு வயது. மூன்று பிள்ளைகளை வளர்த்தேன். இரண்டு பெண்களும் கல்யாணமாகிப் போனார்கள், பையன் கடைசி. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். மெதுவாகத்தான் வரும்.

நாடகத்தில் இருபது வருஷம் நடித்தேன், அப்புறம் சினிமாவில். கதாநாயகி வேஷம் ஒரு நாளும் கிடையாது. முப்பத்துமூன்று வயதில், என்னைவிட மூத்த கதாநாயகனுக்கு அம்மா. தலையில் பவுடரைக் கொட்டி நரைக்க வைத்தார்கள். அதற்குப் பிறகு எல்லாம் மாமியார்தான், கொடுமைக்கார மாமியார். வசனத்தை ஒருவர் படிக்க, நான் காதால் பிடித்துக்கொள்வேன். இரண்டாம் தடவை கேட்டதில்லை. நான் திட்டினால் கொட்டகையில் பெண்கள் மண்ணை வாரித் தூற்றுவார்கள். எனக்கு அதுதான் மெடல்.

வீட்டுக்காரர் தவறி ஒரு வருஷம் கழித்து, பையனுக்குப் பெண் பார்க்கக் கீழ்பென்னாத்தூர் போனோம். பூத்தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பெண்ணின் பெரியம்மா என்னையே பார்த்தாள்.

“ஏம்மா, மருமவள கெணத்துல தள்ளுனது நீங்கதான?”

“தள்ளலைங்க. அவளே வழுக்கி வுழுந்தா. நான் பக்கத்துல நின்னேன், அவ்ளோதான்” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். பெண்ணின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

“பையன் தங்கமான பையன், குடுக்கறோம். ஆனா தனிக்குடித்தனம் வெக்கணுங்க. எங்க பொண்ணு பயந்த சுபாவம்.”

பையன் என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது.

“அதுக்கென்ன, வெச்சிட்டாப் போச்சு” என்றேன். அவ்வளவு கஷ்டமான வசனம் எனக்கு வந்ததே இல்லை. ஒரே டேக்கில் சொன்னேன்.

இருபத்தாறு வருஷமாகிறது. ஒரே ஊர்தான், ஆட்டோவில் பத்து நிமிஷம். பையனும் மருமகளும் பஸ் ஸ்டாண்டு பக்கம், நான் தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். பௌர்ணமியன்று கிரிவலம் போகிறவர்கள் என் வாசலில் செருப்பை விட்டுவிட்டுப் போவார்கள். பார்க்கிறவர்கள் வீடு நிறைய விருந்தாளி என்று நினைப்பார்கள்.

மருமகள் செவ்வாய்க்கிழமைதோறும் குழம்பு கொண்டுவருவாள். உப்பு கம்மி என்றாலும் “சரிங்க அத்தை”, ஜாஸ்தி என்றாலும் “சரிங்க அத்தை”. ஒரு நாளாவது என்னோடு சண்டை போட்டிருக்கலாம். பயந்தவர்கள் சண்டை போடுவதில்லை.

போன செவ்வாய் அவள் வந்தபோது டிவியில் என் படம் ஓடிக்கொண்டிருந்தது. மருமகளை நான் அறைகிற இடம். அணைக்க எழுந்தேன்.

“இருக்கட்டுங்க அத்தை” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “அந்த அடி நெசமா வுழுந்துச்சா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா. சத்தத்த அப்பறமா சேத்தாங்க. அந்தப் பொண்ணு கன்னத்துல என் வெரலுகூட படல.”

அவள் என் கையைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நானும் கூப்பிடவில்லை. அடுத்தவர் எழுதிக் கொடுத்ததையே பேசின வாய்க்குச் சொந்தமாகச் சொல்ல வரவில்லை.

அதனால் நாலு நாளாக இதை எழுதினேன். என் வீட்டு மாடியில் இரண்டு அறை காலியாக இருக்கிறது. தினமும் பெருக்கித்தான் வைத்திருக்கிறேன். அதையும் எழுதிவிட்டேன்.

இன்றைக்குப் பேத்தி, பையனின் மகள், வந்திருக்கிறாள்.

“கண்ணு, இத மொதல்லேர்ந்து சத்தமா படி, கேக்கறேன். சரியா இருந்தா உங்கம்மா கைல குடு.”